வீட்டில் குடும்ப ஜெபம்: தொடங்குவது எப்படி, நிற்காமல் நடத்துவது எப்படி

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் அந்த வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியதும், "இந்த வருஷத்திலிருந்து தினமும் குடும்ப ஜெபம்" என்று சொல்லாத கிறிஸ்தவ வீடு வடசென்னையில் வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் குறைவு. பொங்கல் லீவு முடிகிறபோது அதில் பாதி வீடுகளில் பாய் விரிப்பது நின்றிருக்கும். பக்தி போதவில்லை என்று பெரியவர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். நான் பார்த்தவரை கோளாறு பக்தியில் இல்லை, வரிசையில் இருக்கிறது. நீண்ட ஜெபத்தை நடுவில் வைத்து, அதற்கு முன்னால் ஒப்புக்கு ஒரு சங்கீதம் வாசிக்கிறோம். வாசிப்பை நடுவில் வைத்தால் ஜெபம் தானாகச் சுருங்கி, சொல்வதற்கும் விஷயம் கிடைக்கும்.

கீழே உள்ள வரிசை சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே வீடுகளின் பழக்கத்தை வைத்து எழுதியது. கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலைக்கு முன்னால் இதையே வைத்துக்கொள்ளலாம்.

1. நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள்

எடுத்த எடுப்பில் "இரவு ஒன்பது மணி" என்று முடிவு செய்வதுதான் முதல் தப்பு. காசிமேட்டில் படகுக்குப் போகிறவர் விடியும் முன்னே கிளம்ப வேண்டும். ஏலத்தில் மீன் எடுக்கப் போகும் அம்மாவுக்கும் அதே கதைதான். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, லோகோ ரயில் பணிமனை, எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனிகள் என்று ஷிப்டுக்குப் போகிற வீட்டில் வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர் துறைமுக வாசலில் வரிசையில் நின்றுவிட்டால், எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது.

அதனால் வீட்டில் தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு இதைக் கட்டுங்கள். என் சிபாரிசு, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். சாப்பிட்ட பிறகு என்றால் சின்னவன் தூங்கிவிடுவான், பெரியவள் வீட்டுப்பாடம் என்பாள், அம்மா பாத்திரத்தோடு நிற்பாள். சாப்பாட்டுக்கு முன் என்றால் எல்லோரும் அடுப்படிப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பசி இருப்பதால் யாரும் நீட்டவும் மாட்டார்கள்.

எல்லோரும் வரட்டும் என்று காத்திருப்பது இரண்டாவது தப்பு. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் தொடங்கிவிடுங்கள். இரண்டு மூன்று பேர் கூடும் இடத்தைப் பற்றி மத்தேயு 18:20 சொல்வது பெரிய கூட்டத்துக்கு மட்டும் இல்லையே. வெளியூர் லோடில் இருக்கும் அப்பா அன்றைய பகுதியை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக வாசித்து அனுப்பலாம். உபாகமம் 6:7 வீட்டில் உட்கார்ந்திருக்கிற நேரத்தோடு வழியில் நடக்கிற நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

மொத்தம் பதினைந்து நிமிடம். முதல் மாதம் பத்தே போதும்.

2. முன்கூட்டியே தேவையானவை

வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வேதாகமம், எல்லாம் ஒரே மொழிபெயர்ப்பு. ஒருவர் கையில் பழைய திருப்புதல் (பழைய நடைத் தமிழ் மொழிபெயர்ப்பு), இன்னொருவர் கையில் புதிய மொழிபெயர்ப்பு, மூன்றாமவர் கையில் ஆங்கிலம் என்றால், "எங்கே இருக்கு, எனக்கு வேற மாதிரி இருக்கே" என்பதிலேயே நேரம் போய்விடும். உங்கள் சபையில் எதை வாசிக்கிறார்களோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காதில் விழுந்த வாக்கியம் வீட்டிலும் விழும்போது பிள்ளைகளுக்குச் சுலபமாக மனதில் நிற்கும்.

பாட்டிக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்று வேண்டும். பார்க் டவுன் பக்கம் வேதாகமச் சங்கக் கடையில் எழுத்தின் அளவைக் கண்ணால் பார்த்தே வாங்கலாம். ஆன்லைனில் படத்தை நம்பி வாங்கினால் எழுத்து பொடிசாக வந்து நிற்கும்.

போன் ஆப் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் வீட்டுக்கு ஒரு போனுக்கு மேல் கூடாது, அதுவும் ஏரோப்ளேன் மோடில். வசனம் பார்க்கும்போது மேலே ஒரு மெசேஜ் வந்து நின்றால் அத்தோடு அந்த ஆள் போய்விட்டார்.

ஒரு நோட்டு, ஒரு பேனா. தேதி, வாசித்த பகுதி, ஜெபிக்கச் சொன்ன காரியம், இந்த மூன்று மட்டும் எழுதினால் போதும். நாளைக்கு எங்கே தொடங்குவது என்ற குழப்பம் இதனால்தான் தீரும்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்புப் பக்கம் தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று. புத்தகங்களை ஜிப் கவரில் போட்டு பரணில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு மொட்டைமாடிகளில் துணியோடு துணியாக வேதாகமங்களும் காய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

3. நடத்துகிறவர் யார், அவருக்கு என்ன வேலை

வாரத்துக்கு ஒருவர். பத்து வயது தாண்டிய பிள்ளையும் இந்த முறையில் வரட்டும். நடத்துகிறவருக்கு மூன்றே வேலை: பகுதியைச் சொல்வது, வாசித்த பிறகு ஒரு கேள்வி கேட்பது, யார் ஜெபிப்பது என்று சொல்வது. பிரசங்கம் கிடையாது.

இந்த எல்லை எதற்கு என்றால், தனக்குப் பேசத் தெரியாதே என்ற பயத்தில் பல அப்பாக்கள் தொடங்குவதே இல்லை. பேசத் தெரிந்த அப்பாக்களோ அரை மணி நேரம் பேசிவிடுகிறார்கள். பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசியபோது ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் (அப்போஸ்தலர் 20). பவுலுக்கே அந்தக் கதி என்றால் நாமெல்லாம் சுருக்கமாகவே முடிக்கலாம்.

வீட்டில் கணவரோ மருமகளோ மாமனாரோ வேறு மதத்தில் இருந்தால், அவர்களை உட்காரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவர்கள் டிவி பார்க்கிற அறைக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தி ஜெபிப்பதும் வேண்டாம். 1 பேதுரு 3:1 இப்படிப்பட்ட வீட்டுக்குச் சொல்வது பேச்சில்லாத நடக்கையைப் பற்றித்தான். அவர்களாக வந்து உட்கார்ந்தால் வாசிக்க ஒரு பங்கு கொடுங்கள், ஜெபிக்கச் சொல்லாதீர்கள்.

4. எந்தப் புத்தகத்தில் தொடங்குவது

மாற்குவில் தொடங்குங்கள். மொத்தம் 16 அதிகாரம், 678 வசனம். நான்கு சுவிசேஷங்களில் இதுதான் சிறியது. சம்பவம் மேல் சம்பவமாக ஓடும், பிள்ளைகளுக்குச் சலிப்பு வராது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வசனம் என்று போனால் இரண்டு மாதத்துக்குள் முடியும்.

மீனவர் வீடுகளுக்கு இதில் ஒரு வசதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுக்குப் போகிறவர் அப்போது வீட்டில் இருப்பார், பள்ளிக்கும் கோடை விடுமுறை. மாற்கு அந்த இடைவெளியில் கச்சிதமாக அடங்கும். கையில் காசு இறுக்கமாக இருக்கும் மாதங்களும் அவைதான், வீட்டில் சத்தம் கூடும். அந்த நேரத்தில் தினமும் பத்து நிமிடம் எல்லோரும் ஒரே இடத்தில் உட்காருவதே பெரிய காரியம்.

பலர் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தொடங்குகிறார்கள். ஆபிரகாம், யாக்கோபு, யோசேப்பு என்று நன்றாகத்தான் போகும். யாத்திராகமத்தின் பின்பாதியில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வரும், அடுத்து பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமம். வண்டி அங்கே நின்றுவிடும். வேறு சிலர் தினமும் 23-ம் சங்கீதம் அல்லது 91-ம் சங்கீதம். மனப்பாடம் ஆவது நல்லதுதான், ஆனால் அப்புறம் வாய் சொல்லும், மனசு ரேஷன் கடையில் நிற்கும்.

மூன்றாவது கூட்டம், ஒற்றை வசனங்கள் எழுதிய சீட்டுகள் உள்ள வாக்குத்தத்தப் பெட்டியிலிருந்து சீட்டு எடுப்பவர்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன், குடும்ப ஜெபத்துக்கு அது உதவாது. எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது; எழுபது வருஷம் ஆன பிறகுதான் திருப்பிக் கொண்டுவருவேன் என்கிறார் கர்த்தர். ஐந்தாம் வசனத்தில் அதுவரைக்கும் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறார். வேலை கிடைக்காமல் காத்திருக்கும் மகனுக்கு, தனியாக வெட்டி எடுத்த ஒரு வரியைவிட இந்த முழுக் கடிதம் எவ்வளவோ ஆறுதல். காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது என்றும் அதில் இருக்கிறதே. சீட்டில் அது வராது.

5. பகுதியை எங்கே வெட்டுவது

அதிகாரம் அதிகாரமாக வாசிக்காதீர்கள். மாற்கு முதல் அதிகாரத்தில் மட்டும் 45 வசனம். ஒரே இரவில் வாசித்தால் யோவான், ஞானஸ்நானம், வனாந்தரம், மீனவர்களை அழைத்தது, கப்பர்நகூம், சீமோனுடைய மாமியின் ஜுரம், குஷ்டரோகி என்று எல்லாம் ஓடிவிடும், எதுவும் நிற்காது.

ஒரு சம்பவம் ஒரு நாள். முதல் அதிகாரத்தை 1-8, 9-13, 14-20, 21-28, 29-34, 35-39, 40-45 என்று ஏழு நாளாகப் பிரியுங்கள். மீதியையும் ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்து பிரித்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்யாமல் தொடங்குகிற வீடுகள்தான் தினமும் "இன்னைக்கு என்ன வாசிக்கலாம்" என்று தவிக்கின்றன.

வெட்டக் கூடாத இடமும் உண்டு. 5:21-43-ல் யவீருவின் மகளுக்காக இயேசு கிளம்புகிறார், நடுவழியில் பெரும்பாடுள்ள (நிற்காத உதிரப்போக்குள்ள) பெண் குறுக்கிடுகிறாள், அதற்குள் மகள் இறந்துபோன செய்தி வருகிறது. நீளமாக இருக்கிறதே என்று இதை இரண்டாக வெட்டினால், நடுவில் காத்துக்கொண்டு நின்ற அந்த அப்பாவின் தவிப்பு காணாமல் போய்விடும். அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வருஷ வியாதி, சிறுமிக்குப் பன்னிரண்டு வயது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால்தான் பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கவனிப்பார்கள். அன்று மட்டும் நேரம் கூடினாலும் பரவாயில்லை.

6:14-29-ல் யோவான்ஸ்நானகனின் வெட்டப்பட்ட தலை தட்டில் வருகிறது. ஐந்தாறு வயதுக் குழந்தை இருந்தால் அதைப் பெரியவர் ஒருவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கடக்கலாம். 13-ம் அதிகாரத்தை ஒரே நாளில் கடந்துவிடுங்கள், கடைசிக் காலத்தைப் பற்றிய வாக்குவாதத்துக்கு அடுப்படி இடமில்லை. அங்கே மிச்சமாகும் நாட்களை 14, 15-க்குக் கொடுங்கள்.

6. வாசிக்கும் முறை

சத்தமாக, ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு மூன்று நான்கு வசனம். மனதுக்குள் வாசிப்பது தனி தியானத்துக்கு. குடும்பமாக உட்காரும்போது எல்லோர் காதிலும் ஒரே சத்தம் விழ வேண்டும்.

இப்போது பெரிய சிக்கல், பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம். பழைய திருப்புதலின் நீளமான கூட்டுச் சொற்களில் திக்குகிறார்கள். திக்கியதும் அண்ணன் சிரிக்கிறான், அப்பா திருத்துகிறார், அந்தப் பிள்ளை மறுநாள் தலைவலி என்கிறது. அவர்களுக்கு யாராவது பேசுகிற வரியாகப் பார்த்துக் கொடுங்கள், பேச்சு வரிகள் சின்னதாக இருக்கும். சாயங்காலமே ஒருமுறை அம்மாவிடம் வாசித்துப் பார்க்கட்டும். உட்கார்ந்த பிறகு யாரும் திருத்தக் கூடாது. ஆறு மாதத்தில் தமிழ் சரளமாக வந்துவிடும், இது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். பெரும்பாலான பாட்டிகளுக்குக் கதை முழுவதும் மனப்பாடம். வாசித்து முடித்ததும் "பாட்டி, நீ ஒரு தடவை சொல்லு" என்றால், நாம் வாசித்ததில் விட்ட இடத்தையும் அவர் பிடித்துச் சொல்வார்.

7. ஒரே ஒரு கேள்வி

"இதிலிருந்து என்ன கத்துக்கிட்ட?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நல்லா ஜெபம் பண்ணணும், கீழ்ப்படியணும்" என்று இரண்டாம் நாளே பிள்ளை பதிலை மனப்பாடம் செய்துவிடும். அதற்கப்புறம் வாசிக்காமலேயே அதே பதில் வரும்.

கதைக்குள் நுழைய வைக்கிற கேள்வி கேளுங்கள். இந்த இடத்தில் யாருக்குப் பயம்? நீ அங்கே இருந்தால் எங்கே நின்றிருப்பாய்? 2:1-12-ல் நான்கு பேர் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை (கைகால் விழுந்தவனை) இறக்குகிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வாடகை வீட்டில் இதை வாசித்தால், "ஹவுஸ் ஓனர் என்ன சொல்லியிருப்பார்?" என்று பிள்ளை கேட்கும். "சும்மா இரு" என்று அடக்காதீர்கள். அந்தச் செலவை யார் ஏற்றுக்கொண்டிருப்பார், நண்பனுக்காக நாம் எதுவரைக்கும் போவோம் என்று பேச்சு அழகாக வளரும்.

சபையில் வாயே திறக்காத அப்பாவுக்கு இங்கே இடம் கிடைக்கும். 1:19-ல் செபெதேயுவின் மகன்கள் படகில் வலையைப் பழுதுபார்க்கிறார்கள். வலை எங்கே கிழியும், சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று காசிமேட்டுக்காரர் சொன்னால் வேறு விளக்கவுரை தேவையில்லை. 4:38-ல் புயலில் இயேசு பின்னணியத்தில் (படகின் பின்பக்கத்தில்) தலையணை வைத்துத் தூங்குகிறார். படகில் அந்த இடத்தில் தூங்க முடியுமா என்று அவரையே கேளுங்கள். கலிலேயாக் கடல் உண்மையில் நன்னீர் ஏரி, நீளம் சுமார் 21 கிலோமீட்டர்தான் என்பதையும் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் வங்காள விரிகுடாவை மனதில் வைத்துக்கொள்வார்கள்.

குடும்பமாகப் பேச மாற்குவில் எனக்குப் பிடித்த இடம் 3:20-35. இயேசுவின் சொந்தக்காரர்களே அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள். வீட்டார் நம்மைப் புரிந்துகொள்ளாத அனுபவம் கல்லூரி போகிற மகளுக்கும் உண்டு, ஓய்வு பெற்ற தாத்தாவுக்கும் உண்டு. "இந்த வீட்டில் உன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்று எப்போது தோன்றியது?" என்று கேட்டுவிட்டு, வரும் பதிலுக்கு யாரும் எதிர்வாதம் செய்யாமல் இருங்கள். இதைக் கேட்கத் தைரியம் வர ஒரு மாதமாவது ஆகும். முதல் வாரத்திலேயே முயன்றால் பதில் வராது.

கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையா? சரி, விட்டுவிட்டு ஜெபத்துக்குப் போங்கள்.

8. ஜெபம்

ஆளுக்கு மூன்று வாக்கியம் போதும்: வாசித்ததிலிருந்து ஒன்று, வீட்டுக்காக ஒன்று, வெளியே ஒருவருக்காக ஒன்று. நடத்துகிறவர் இதை முதலில் செய்து காட்டட்டும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம்.

ஜெபத்தில் யாரையும் திட்டக் கூடாது, இதை மட்டும் எங்கும் தளர்த்த வேண்டாம். "ஆண்டவரே, போனையே பார்த்துக்கொண்டிருக்கிற இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தி கொடும்" என்பது ஜெபம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற வசவு. திருப்பிப் பேசவும் முடியாது. மாமியார் மருமகளைப் பற்றியும் கணவர் மனைவியைப் பற்றியும் இதே உத்தியில் பேசுவதை எத்தனையோ வீடுகளில் கேட்கலாம். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று எபேசியர் 6:4 பிதாக்களிடம்தான் சொல்கிறது. மார்க் குறைந்ததா, அதைப் பகலில் நேரில் பேசுங்கள்.

"வெளியே ஒருவருக்காக" என்பதில் ஊரும் வரட்டும். வராத குடிதண்ணீர், பக்கத்து வீட்டு மஞ்சள்காமாலை, எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து தொழில் போனவர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி ஜெபித்த பிள்ளை மறுநாள் அவரைப் பார்த்தால், "இப்ப எப்படி இருக்கு அங்கிள்" என்று கேட்கும்.

ஒற்றைச் சுவர் வீடுகளில் குரலைத் தணித்துக்கொள்ளுங்கள். பாட்டு வேண்டுமென்றால் ஒரு கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும் போதும், அதுவும் வாசிப்புக்கு முன்னால். பாட்டுச் சத்தம் கேட்டு வீட்டில் சிதறிக் கிடப்பவர்கள் வந்து உட்காருவார்கள்.

9. விட்டுப்போன நாட்கள்

விட்ட பகுதிகளைச் சேர்த்து வாசிக்க முயலாதீர்கள். மூன்று நாள் பாக்கியை ஒரே இரவில் தீர்க்கப் பார்த்தால் நான்காம் நாள் எல்லோருக்கும் அலுத்துவிடும். நோட்டில் கடைசியாக எழுதியது எதுவோ, அதற்கு அடுத்தது. யாரால் விட்டுப்போனது என்ற விசாரணையும் வேண்டாம்.

வீட்டில் சாவு, ஆஸ்பத்திரி, பெரிய சண்டை என்றால் வரிசையை நிறுத்திவிட்டு 13-ம் சங்கீதம் வாசியுங்கள். ஆறே வசனம். அன்று கேள்வி கிடையாது. துக்கம் ஆறாத வீட்டில் 88-ம் சங்கீதத்தையும் வாசிக்கலாம். அது வெளிச்சத்துக்கு வராமல் இருளிலேயே முடிகிறது, அப்படியே விடுங்கள். ஆறுதல் வசனம் ஒன்றை அவசரமாக ஒட்ட வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்த வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

10. மாற்கு முடிந்த பிறகு

ஒரு வாரம் இடைவெளி விட்டு ரூத், நான்கு அதிகாரம். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தால் மூன்றாம் நாளே பேச்சு சூடுபிடிக்கும். அப்புறம் யோனா, அதுவும் நான்கு. அதன் பிறகு ஆதியாகமம் 37 முதல் 50 வரை யோசேப்பின் கதை. அண்ணன் தம்பிப் பொறாமை, அப்பாவின் பாரபட்சம், வெளியூர் வேலை, மன்னிப்பு என்று கூட்டுக்குடும்பத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. 38-ம் அதிகாரம் யூதா, தாமார் சம்பவம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் 37-லிருந்து 39-க்குத் தாண்டிவிடுங்கள், பெரிய பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் தனியாக வாசிக்கச் சொல்லுங்கள்.

பிறகு யாக்கோபு நிருபம், ஐந்து அதிகாரம். நாவைப் பற்றிய மூன்றாம் அதிகாரத்துக்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குங்கள், அந்த வாரத்தை நடத்துவது வீட்டிலேயே அதிகம் கத்துகிறவராக இருக்கட்டும். சங்கீதங்களை வரிசையில் சேர்க்காமல் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், 176 வசனம் உள்ள 119-ஐ எட்டு எட்டு வசனமாகப் பிரித்து. லேவியராகமத்தைக் கடைக்குட்டி பத்தாம் வகுப்பு தாண்டும் வரை தொட வேண்டாம்.